பதினொரு கூடுகள்

நிலத்தை விற்கும் அக்கா கடைசிப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு முடித்தார்.

கை முழுக்கக் கீறல்கள். வீட்டில் பூனை இருக்கும்போல. பக்கத்தில் நின்ற கணவரின் சட்டையில் புகை நாற்றம். பீடி பிடிப்பவர் என்று நினைத்துக்கொண்டேன்.

மடியிலிருந்த துணிப்பையை மட்டும் அக்கா யாரையும் வாங்கிவைக்க விடவில்லை.

சார்பதிவாளர் முத்திரை குத்தினார். சதுப்பு நிலம் எங்கள் அறக்கட்டளைக்கு வந்துவிட்டது.

எங்களுக்கா? நாணலுக்குள் குடியிருக்கும் சாம்பல் குருவிகளுக்கு. போன மாதம்தான் எண்ணிவிட்டு வந்தேன். பதினொரு கூடுகள். உலகத்தில் அந்த இனத்துக்கு மிச்சம் அவ்வளவுதான்.

விற்பவர்களிடம் குருவியைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்பது எங்கள் இயக்குநரின் கட்டளை. சொன்னால் ஊர் அறியும். ஊர் அறிந்தால் முட்டை திருடுகிறவனும் அறிவான். நுணலும் தன் வாயால் கெடும், நீ வாயைத் தைத்துக்கொள் என்பார்.

தைத்துக்கொண்டேன். நான்கு வருடம். என்ன கட்டப்போறீங்க என்று அக்கா கேட்டபோதெல்லாம் சிரித்து மழுப்பினேன்.

மேசையில் வெயில் விழுந்திருந்தது. இந்நேரம் அங்கே நாணல் காற்றில் சாய்ந்து நிமிரும். நிலம் தன் பெயருக்கு மாறியது தெரியாமல் ஒரு குருவி அடைகாத்துக்கொண்டிருக்கும்.

"இப்பப் போய்ப் பாரும்மா, அடையாளமே தெரியாது," என்றார் கணவர். "குப்பையும் புதருமாவா ஒருத்தர் கையில குடுக்கறது? பத்து நாளா குடும்பத்தோட இறங்கி வெட்டி, எரிச்சு, துடைச்சு வச்ச மாதிரி ஆக்கிட்டோம்."

"ஆமா, இவரு வெட்டி முறிச்சாரு! முக்கால்வாசி நான்தான்," என்று அக்கா அவர் தோளில் இடித்தார்.

அவர்கள் இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாராட்டுக்காக.

"ரொம்ப நன்றிக்கா" என்று யாரோ சொன்னார்கள். என் குரல்தான்.

அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பையைப் பிரித்தார்.

"இத மட்டும் எரிக்க மனசு வரல கண்ணு. உங்க ஆபீஸ்ல வச்சா அழகா இருக்கும்."

பழைய துணிக்குள் பொதிந்து, உள்ளங்கை அளவில் ஒரு நாணல் கூடு. இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.

உள்ளே மூன்று முட்டைகள்.

ஒன்றுகூட உடையவில்லை.