கட்டை போடு கண்ணு

சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச் நடக்கும் ஐந்து நாளும் அங்கே ஒரு தூறல் விழாது, வெளிச்சமும் மங்காது. மேட்ச் நடத்துகிறவர்கள் விமானம் விட்டு, வருகிற மேகத்தையெல்லாம் மேற்கே தள்ளி, பச்சையம்மாளின் ஊர் ஏரிமேல் கொட்டிவிடுவார்கள். மேட்ச் முடிந்தால் மழையும் நின்றுவிடும்.

நான்காம் நாள் சாயங்காலம், ஏரி நிரம்பி வழிய இன்னும் ஒரு முழம் பாக்கி. இந்தியா ஜெயிக்க ஒரே ஒரு விக்கெட் பாக்கி. மட்டை பிடிக்கவே தெரியாத நியூசிலாந்துக்காரன் ஒருவன் கடைசி ஆளாக வந்து நின்றான்.

"அவுட் ஆயிடாதடா கண்ணு, கட்டை போடு!" என்று டிவியைப் பார்த்துக் கும்பிட்டாள் பச்சையம்மாள்.

"நம்மாளுங்க தோக்கணும்னா வேண்டிக்கிற?" என்றான் புருஷன் எல்லப்பன்.

"தோக்க வேணாய்யா. நாளைக்கு வரைக்கும் ஜெயிக்காம இருந்தா போதும்."

அவன் கட்டை போட்டான். மறுநாள் முழுக்க அதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. மேட்ச் டிரா.

"இப்படியொரு அறுவை ஆட்டத்தை நான் பார்த்ததேயில்லை" என்று வர்ணனையாளர் அலுத்துக்கொண்டபோது அதைக் கேட்க வீட்டில் யாருமில்லை. ஏரி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஊரே கரையில் நின்று, வாயில் நுழையாத அந்த நியூசிலாந்துக்காரன் பெயரை ஆளுக்கொரு விதமாகக் கூவி ஆடிக்கொண்டிருந்தது.