அமுக்கரா வேர் பலித்த கதை

அன்று வைத்தியர் வளையில் இருந்தவர்கள் மூவர்: வைத்தியரான கீரி, உறக்கம் கெட்ட முள்ளம்பன்றி, அதன் உறக்கத்தைக் கண்காணித்து வந்த ஆமை. அமுக்கரா வேர் உறக்கம் தருமா என்ற சோதனையின் முடிவை அறியவே கூடியிருந்தார்கள்.

முள்ளம்பன்றி பகலில் உறங்கும் பிராணி. முட்களுக்கு அஞ்சி எவரும் அதனருகில் படுத்ததில்லை. சருகு அசைந்தாலும் திடுக்கிட்டு விழித்துக்கொள்ளும். ஓடு இருக்கும் துணிவில் ஆமை மட்டுமே தினமும் பக்கத்தில் அமர்ந்து அதன் மூச்சைக் கவனித்தது.

“அண்ணே, நீங்கள் விடும் குறட்டையில் என் ஓடே விரிசல் விடும் போலிருக்கிறது,” என்றது ஆமை.

“போடா, பொய் சொல்லாதே!” என்ற முள்ளம்பன்றிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கீரி செருமியது. “என் வேர் பலித்துவிட்டது!”

“வைத்தியரே, ஆமைத் தம்பி காய்ச்சலில் படுத்து வராமல்போன அன்று, வேரைத் தின்றும் நான் கண் மூடவில்லையே,” என்று முள்ளம்பன்றி தயங்கிச் சொன்னது.

“ஒருநாள் பிசகுவது சகஜம், அதைத் தள்ளிவிட்டேன். உமக்கு ஓராண்டுக்கான வேர் இந்த மூட்டையில் இருக்கிறது. ஆமை இனி உம்மிடம் வரவேண்டியதில்லை, முயலின் இருமலைக் கவனிக்கப் போகிறது. நிம்மதியாகத் தூங்கும்!”

முள்ளம்பன்றி ஆமையைப் பார்த்தது. ஆமையோ முயல் வீட்டுக்கு எது குறுக்குவழி என்று கீரியிடம் விசாரித்துக்கொண்டிருந்தது.

முள்ளம்பன்றி மூட்டையைத் தொடவில்லை. முட்களை உடம்போடு ஒடுக்கி, ஆமையின் மேல் படாமல் விலகி வெளியேறியது.