காது அடுத்த கிழமைதான்

“வீட்டில தமிழ் கதைக்கிறனீங்களோ?”

வீட்டில் கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறீர்களா என்று கேட்பதுபோல இருந்தது புளோறன்ஸ் மிஸ்ஸின் அதட்டல். வெள்ளவத்தையில் அவர் நடத்தும் நேசறியில் அன்று பெற்றோர் கூட்டம். எல்லோரும் திரும்பிப் பார்க்க, அபிஷனின் தாய் சாருஜா எழுந்து நின்றாள்.

“ஓம் மிஸ். நாங்கள் தமிழாக்கள்தானே.”

“அதுதான் பிழை! நேற்று உங்கட மகன் என்னட்டத் தண்ணி கேக்கிறான். வோட்டர் எண்டு வருதில்லை. இஞ்ச நாங்கள் கஷ்டப்பட்டுப் படிப்பிக்கிறதை நீங்கள் வீட்டில அழிக்கிறீங்கள். இனிப் பிள்ளையோட ஒரு சொல்லும் தமிழில கதைக்கக் கூடாது. பிறகு பெரிய ஸ்கூல் இன்டர்வியூவில பிள்ளை முழிச்சுக்கொண்டு நிண்டால் என்னைக் கேக்கக்கூடாது.”

இவ்வளவையும் அவர் சொன்னது தமிழில்தான். இங்கிலிஷில் சொன்னால் வந்திருந்த முக்கால்வாசிப் பேருக்கு விளங்காது என்பது அவருக்கும் தெரியும்.

பக்கத்தில் இருந்த கணவன் ராகுலனால் அவமானம் தாங்க முடியவில்லை. வீட்டுக் கதவைச் சாத்தியதும் கத்தினான்.

“உன்னால எனக்குத் தலைகுனிவு. இண்டையில இருந்து இந்த வீட்டில பிள்ளையோட தமிழ் இல்லை. விளங்கிச்சோ?”

“இஞ்சேருங்கோ, எனக்குத் தெரிஞ்ச இங்கிலிஷ் ஒரு பிடிதானே.”

“எனக்கு மட்டும் மூட்டை மூட்டையா இருக்கோ? அந்த ஒரு பிடியில கதை!”

கதைத்தார்கள். கம். சிட். ஈட். பாத். ஸ்லீப். நாய்க்குட்டியைப் பழக்குவதுபோல நாலு வயதுப் பிள்ளையோடு கதைத்தார்கள்.

மறந்துபோய் ஒருநாள் சாருஜா, “பசிக்குதோ ராசா?” என்று கேட்டுவிட்டாள். ஹோலுக்குள் இருந்து ராகுலன் உறுமினான். “ஹங்கிறி!” என்று அவசரமாகத் திருத்தினாள். அவளுக்கு அழுகை வந்தது.

கரையோரம் ஓடுகிற ரயில் ஏன் கடலுக்குள் விழுகுதில்லை, மீன் எப்போது நித்திரை கொள்ளும் என்று ஓயாமல் கேட்கிற பிள்ளை அவன். நேசறியால் வந்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறப்பான். சொல் கிடைக்காது. மூடிக்கொண்டு போய் பல்கனியில் நிற்பான். கொஞ்ச நாளில் வாயைத் திறப்பதையும் விட்டுவிட்டான்.

“பாத்தியே, பிள்ளை எவ்வளவு டீசன்டா மாறிட்டான்” என்றான் ராகுலன். அவளுக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது.

ஒரு திங்கட்கிழமை அபிஷன் அழுதுகொண்டு வந்தான்.

“பெயின்.”

“வெயார் பெயின்?”

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

“ஹெட்.”

தலையிடி என்று பனடோல் பாணி மருந்து கொடுத்தார்கள். மறுநாளும் “ஹெட் பெயின்” என்றான். மறுபடியும் பாணி. அதற்கடுத்த நாள் காய்ச்சலில் உடம்பு கொதித்தது. காலி வீதியில் இருந்த டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

“எங்க நோகுது, தம்பி?” என்று டொக்டர் தமிழில் கேட்டார். அபிஷன் பயத்தோடு தகப்பனைப் பார்த்தான். டொக்டர் அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, “என்னட்டச் சொல்லுங்கோ” என்றார். அவ்வளவுதான், அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டியது.

“காதுக்குள்ள நோகுது. அம்மா பயறு துப்புரவாக்கேக்க ஒண்டை எடுத்துக் காதுக்குள்ள போட்டனான். அது வெளிய வரமாட்டனெண்டுது. படுக்கேக்க உள்ளுக்க இருந்து குத்துது.”

டொக்டர் எடுத்துக் காட்டிய பயறு ஊறிப் பெருத்திருந்தது. காதுக்குள் சீழ் பிடித்திருந்தது.

“இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா செவிப்பறை போயிருக்கும். இவ்வளவு வடிவாச் சொல்ற பிள்ளை, உங்களிட்ட ஏன் சொல்லேல்லை?”

பிள்ளையே பதில் சொன்னான்.

“மிஸ் ஹெட் மட்டும்தான் படிப்பிச்சவா. காது அடுத்த கிழமைதான்.”

சாருஜாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. டிஸ்பென்சரி வாசலில் வைத்தே பிள்ளையை ராகுலனின் கையில் கொடுத்தாள்.

“நீ எங்க போறாய்?”

“நேசறியால பிள்ளையை நிப்பாட்டப் போறன். அதுக்கு முதல் அந்தப் பொம்பிளையை நாலு கேள்வி கேக்கோணும். தமிழில கேப்பன்!”

“கத்தாத. அவ படிச்ச மனுசி. பிள்ளையளுக்கு நல்லதெண்டு நம்பித்தானே சொல்லியிருப்பா.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நேசறி பூட்டியிருந்தது. மேல்மாடிதான் மிஸ்ஸின் வீடு. மூச்சு வாங்கப் படியேறி, கதவைத் தட்டக் கையை ஓங்கினாள். உள்ளே புளோறன்ஸ் மிஸ் ஏசிக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு எத்தினை தரம் சொல்றது? மகளோட இங்கிலிஷ் கதைக்காதேங்கோ எண்டு! முதல்ல அவளுக்குத் தமிழ் வடிவா வரட்டும். இல்லாட்டி தனக்கு என்ன செய்யுது எண்டுகூடச் சொல்லத் தெரியாமல் நிப்பாள்.”

“அப்ப கீழ நேசறியில ஏன் வேற மாதிரிச் சொல்றாய்?” என்று கேட்டது மிஸ்ஸின் புருஷனுடைய குரல்.

“அது மற்ற ஆக்களின்ர பிள்ளையளெல்லோ!”