முன்ஸிஃபாவின் முறைத்தண்ணி

"முன்ஸிஃபாவோட முறையை இன்னைக்கே ரத்து பண்ணணும். பண்ணாம நான் இந்த இடத்தை விட்டு எந்திரிக்க மாட்டேன்!"

வாய்க்கால் கரையில சம்மணம் போட்டு உட்கார்ந்துட்டான் ரஜபலி. கடைமடையில வெங்காயம் போடுறவன். வாய் காரம், ஆனா சூதுவாது தெரியாது. அவன் போட்ட சத்தத்துல ஊரே கூடிருச்சு.

"காலங்காத்தால என்னய்யா உனக்கு?" என்று கேட்டபடி வந்தார் மீராப் ஹோல்முராத். எங்க வாய்க்கால்ல யாருக்கு எப்போ தண்ணின்னு முறை வச்சுத் திறந்து விடுறது அவர்தான்.

"அவ ஆப்ரிகாட் தோட்டம் முழுக்கச் சொட்டுநீர்க் குழாய். கிணத்துல வெயில்ல ஓடுற மோட்டார். வாய்க்கால் தண்ணி அவளுக்கு எதுக்கு? முறை வந்துட்டா மட்டும் மடையைத் திறந்து விட்டுட்டு, மண்வெட்டியும் கையுமா காவலுக்கு நிக்கிறா!"

கேட்கிறதுக்கு நியாயமாத்தான் இருந்துச்சு.

அந்தக் குழாயை ஊருக்குக் கொண்டுவந்த திட்டக்காரங்க நல்லா இருக்கணும். முதல்ல அதைப் பார்த்து, "ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துற மாதிரி மரத்துக்கும் ஏத்தணுமா?"ன்னு கேட்டு ஊரே சிரிச்சுது. குழாய் போடத் துணிஞ்சு தோட்டத்தைக் குடுத்தது முன்ஸிஃபா ஒருத்திதான். புருஷன் ரஷ்யாவுல கொத்தனார் வேலை. தனி ஆளா நின்னு சாதிச்சுட்டா. இப்ப அவ மரத்துல காய்க்கிற காயைப் பார்த்துட்டு, எங்களுக்கும் குழாய் வேணும்னு பாதி ஊர் வரிசையில நிக்குது.

அதுக்காக வேண்டாத தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கலாமா?

ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தவளைக் கூட்டிட்டு வந்தாங்க. கையில மாவுகூடக் காயலை.

"ஏம்மா, உன் மரத்துக்கு வாய்க்கால் தண்ணி வேணுமா?" என்றார் மீராப்.

"வேண்டாம்ண்ணே."

"அப்புறம் எதுக்குத் திறக்கிற?"

அவள் விரல்ல ஒட்டின மாவை உருட்டினாள்.

"பார்த்தீங்களா, பதிலே வராது!" என்று தொடையில தட்டினான் ரஜபலி. "இவளுக்குப் பேராசை. வேறென்ன?"

மீராப் தாடியைத் தடவினார். "ரஜபலி, சட்டம் உனக்கே தெரியும். முறையை ஒருத்தர் இன்னொருத்தருக்குத் தர முடியாது. ரத்து பண்ணினா அந்தத் தண்ணி தலைமடைக்குத்தான் போகும். உனக்கு ஒரு சொட்டு வராது."

"போகட்டுமே! எனக்கா கேட்கிறேன்? என் பங்கு எனக்குப் போதும். ரெண்டு கோடையா என் வயல் காயலை, பிள்ளைங்க வயிறு காயலை. எல்லாம் உங்க நேர்மை. தொழும்போதெல்லாம் உங்க பேரைச் சொல்லித்தான் துஆ கேட்கிறேன்."

மீராபுக்கு இருமல் வந்துருச்சு.

"சரி, ஊர் சொல்றபடி செய்யறேன். மூடணும்கிறவங்க கை தூக்குங்க."

தலைமடைக்காரங்க கைதான் முதல்ல எழுந்துச்சு. கேட்கணுமா! தண்ணி அவங்களுக்குல்ல போகுது. அப்புறம் மத்தவங்க. எல்லார் கையையும் விட உசரமா இருந்தது ரஜபலி கை.

முன்ஸிஃபா மீராபைப் பார்த்தாள். "மூடிருங்கண்ணே. ஆனா நாம பேசிக்கிட்டது நமக்குள்ளேயே இருக்கட்டும்."

"எப்படிம்மா இருக்கும்?" மீராப் வெடிச்சுட்டார். "மூடினா ஒரே வாரத்துல இவன் வெங்காயம் கருகிரும். இவன் பிள்ளைங்களுக்கு நீ பதில் சொல்லுவியா, நான் சொல்லுவேனா?"

"அவ மடையை மூடினா என் வெங்காயம் எதுக்குக் கருகணும்?" என்றான் ரஜபலி.

"அட கூறுகெட்டவனே! அவ மடையில ஏறுற தண்ணி அவ தோட்டத்துல ஒரு மரத்தையும் நனைக்கலை. வேலி ஓரமா சுத்தி, பின்பக்கமா உன் வாய்க்கால்லதான் இறங்குது. முறைக்காரங்க மடையில நேர்ல நிக்கலைன்னா முறை போயிரும்கிறதும் சட்டம்தானே. அதுக்குத்தான் வெயில்ல மண்வெட்டியோட நிக்கிறா. நீ கேட்டா, 'கடைமடைக்குக் கொஞ்சம் கூட்டி விட்டிருக்கேன்'னு என்னைச் சொல்லச் சொன்னா. சொன்னேன். உன் துஆவை எல்லாம் இத்தனை நாளா நான் சும்மா வாங்கிக்கிட்டு இருக்கேன்!"



"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..." என்றான் ரஜபலி.

"சொன்னா வாங்கியிருப்பீங்களாண்ணே?" என்றாள் முன்ஸிஃபா. "பனி கொட்டி என் வீட்டுக் கூரை விழுந்தப்ப, நான் கூப்பிடாமலே ஆளுங்களைத் திரட்டிட்டு வந்து தூக்கி நிறுத்தினீங்க. 'ஒரு வாய் டீ குடிங்க'ன்னு கெஞ்சினேன். 'அதுக்கா வந்தேன்?'னு திட்டிட்டுப் போயிட்டீங்க. அந்த நன்றியை நான் வேற எந்த வழியிலதான் காட்டுறது?"

"இப்ப சொல்லுங்கய்யா, மூடட்டுமா?" என்றார் மீராப்.

எல்லாக் கையும் இறங்கிருச்சு, தலைமடைக்காரங்க கை உட்பட. அதுக்காகவே அவங்களைக் கும்பிடலாம்.

ரஜபலியோட கை மட்டும் மெதுவா வந்து அவன் நெஞ்சு மேல உட்கார்ந்துச்சு. முன்ஸிஃபாவுக்கு முன்னால தலை குனிஞ்சு நின்னான்.

"தங்கச்சி, அந்த டீயை இப்ப போடுறியா? குடிச்சிட்டுத்தான் போவேன்."