தறி நின்ற நேரம்

மின்சாரம் போகவில்லை.

வெண்ணெய் உருகத் தொடங்கிவிட்டது.

அவள் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுப் பின்கதவு வழியே பார்த்தாள். வீட்டை ஒட்டிய தறிகுடோனில் நான்கு விசைத்தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது.

பராமரிப்பு வேலை, ஒன்பது மணியிலிருந்து மின்தடை என்று நேற்றே சொல்லியிருந்தார்கள். மின்தடை வந்தால் வாரியத்தைத் திட்டாத வாய் அந்தத் தெருவில் கிடையாது. அதற்காகக் காத்திருந்தவள் இவள் ஒருத்திதான்.

மணி பத்தரை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

மகள் தாரணி பன்னிரண்டு மணிப் பேருந்துக்குக் கிளம்புகிறாள். விடுதிக்கு எடுத்துப்போகக் கழுவித் துடைத்த பாட்டில் மேடையில் இருந்தது. போன மாதம் கொடுத்தனுப்பியது கருகல் நெய். மகள் குறை சொல்லவில்லை. "கடையில வாங்கிக்கறேன், விடுங்கம்மா," என்று மட்டும் போனில் சொன்னாள்.

அதுதான் குத்தியது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு மகளை நெய்க்கு அலையவிடுவதா?

மார்கழியில் வந்த காய்ச்சல் போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. மல்லிகை மணக்கவில்லை. பெருங்காயம் மணக்கவில்லை. வந்துவிடும் என்றிருந்தாள். மாசியும் முடிந்தது, வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கேஸ் கசிந்தால்கூடத் தெரியாது, இனி அடுப்பங்கரைப் பக்கம் போகாதே என்பார்கள். அன்போடுதான் சொல்வார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

மூக்கு போனால் போகட்டும். கண் இருக்கிறது. காது இருக்கிறது.

நெய்க்குக் கண் உதவவில்லை. நுரை மேலே மூடிக்கொள்கிறது, அடியில் கசடு சிவப்பதும் கருகுவதும் தெரிவதில்லை. காதுதான் உதவியது. வெண்ணெயில் நீர் இருக்கும்வரை சடசடவென்று பேசும். நீர் வற்ற வற்றக் குரல் இறங்கும். கடைசியில் வாயை மூடும். அந்த நொடியில் முருங்கை இலையைப் போட்டு இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் கருகல்தான்.

நடுவில் ஒரு மின்தடை நாளில், தறிகள் நின்றபோது, இதைக் கண்டுபிடித்தாள். அன்று கொஞ்சம் வெண்ணெய்தான். நெய் பொன்னாக வந்தது.

இன்று பாத்திரம் நிறைய.

அடுப்பை அணைத்துவிடலாம். சாயங்காலம் பார்க்கலாம். ஆனால் பேருந்து சாயங்காலம்வரை நிற்காது.

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். குனிந்து காதைப் பாத்திரத்துக்கு அருகே கொண்டுபோனாள். ஆவி கன்னத்தைச் சுட்டது. தறிச் சத்தம்தான் கேட்டது.

இன்னும் குனிந்தாள்.

நுரை எழும்பியது. ஒரு துளி தெறித்துக் காதோரம் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். இன்று விட்டுவிட்டால் இனி இந்த வீட்டில் கடை நெய்தான். அது நெய்யோடு நிற்காது.

சட்டென்று தறிகள் நின்றன.

ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. நான்கும்.

புண்ணியவான்கள், தாமதமானாலும் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தாள்.

வீடு அமைதியானது. பாத்திரம் பேசுவது கேட்டது. சடசட. பிறகு சளசள. பிறகு மழை விட்டபின் ஓட்டிலிருந்து சொட்டுவதுபோல் ஒன்றிரண்டு.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

நின்றது.

முருங்கைக் கொத்தைப் போட்டாள். பொரிந்து அடங்கியது. இறக்கினாள். அடுப்பை அணைத்தாள், சிலிண்டரை மூடினாள், மூடியதை மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

கூடத்திலிருந்து தாரணி ஈரத் தலையோடு ஓடிவந்தாள்.

"அம்மா! வாசம் தெருமுனை வரைக்கும் போகுமாட்ட இருக்குது!"

அவளுக்கு ஒரு வாசமும் இல்லை. ஆனால் மகளின் முகத்தில் இருந்தது. மனம் நிறைந்துவிட்டது. வியர்வை துடைப்பதுபோல் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

துடைத்த முகத்தில் காற்று பட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். கூடத்து மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மின்சாரம் போகவே இல்லை.

பின்கதவுக்கு வந்தாள். கணவர் குப்புசாமி குடோன் படியில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் அடுப்பு நேராகத் தெரியும். சொந்த அக்கா கல்யாணத்துக்கே தறியை ஓட்டிவிட்டுத் தாலி கட்டும் நேரத்துக்கு வந்து நின்ற மனிதர். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மீசையில் ஒட்டிய பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் அந்தக் கருகல் நெய்யை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டவர் அவர்தான். கொஞ்ச நாளாகத் தண்ணீர் குடிக்க அடிக்கடி அடுப்பங்கரைக்கு வருகிறார். வரும்போதெல்லாம் குனிந்து சிலிண்டரைத் தொடுகிறார். வெயிலுக்குத் தாகம் போலிருக்கிறது என்றிருந்தாள்.

அவர் திரும்பவில்லை.

"ஆச்சா அம்மிணி?"

 

உள்ளே போனாள். கரண்டியை எடுத்துப் பாத்திரத்தின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாள்.

தறிகள் ஓடத் தொடங்கின.