டிகாஷனில் ஊறும் பரம்பரை

கணபதி ஏரியாவில் இருக்கும் வீட்டின் சமையலறையில் மாலை வெயில் சாய்கிறது. கிளாடிஸ் டீ குடிக்கும் டம்ளரில் டிகாஷன் ஊற்றி, வாட்ச் டயலை ஊறப் போட்டிருக்கிறான் அவள் கணவன் ஜெப்ரி. போன வாரம் பார்சலில் வந்த, பழைய மாடல் வாட்ச்சின் புத்தம்புது டூப்ளிகேட். வெள்ளை முகம் பழுப்பேற வேண்டுமாம். பளபளக்கும் பின்மூடியை உப்புத்தாளால் கீறுகிறான். காசு கொடுத்து வாங்கியதைக் கிழடாக்கும் இந்த ஜென்மத்தைப் பார்த்துக்கொண்டே அவள் வெங்காயம் உரிக்கிறாள். "நாளைக்குச் சர்ச்சுல எல்லாருத்துக்கும் காட்டோணும். தாத்தா வாட்ச்சு," என்று மூடியைத் திருப்புகிறான். ‘பிரகாசம், 1962’ என்று செதுக்கியிருக்கிறது. கிளாடிஸ் கத்தியைக் கீழே வைக்கிறாள். "ஏனுங்க, ஞானஸ்நானம் வாங்குனப்பத்தான உங்க தாத்தாவுக்குப் பிரகாசம்னு பேரு வெச்சாங்க? அது எழுபதுலீங்க. அறுபத்திரெண்டுல அவரு வேலன். அந்தியூர்ல பண்ணாடி காட்டுல கோவணத்தோட கூலிக்கு ஏரோட்டிட்டு இருந்தாரு. கையில வாட்ச்சு கட்டிட்டுப் போயிருந்தா மேச்சாதிக்காரங்க சும்மா உட்டிருப்பாங்களா?" ஜெப்ரியின் முகம் சுருங்குகிறது. அவளுக்கே அரை நொடி பாவமாக இருக்கிறது. அவன் உப்புத்தாளை எடுத்து வருசத்தை மட்டும் தேய்க்கத் தொடங்குகிறான். "எழுபத்தொண்ணுன்னு போட்டுட்டா சரியா இருக்குமா, கிளாடிஸ்?"