கடைசி வீட்டை இழுத்தவன்

உறைந்துபோன நெப்ராஸ்கா புல்வெளியில் வீடு நகர்ந்துகொண்டிருந்தது. அதன் புகைபோக்கியில் புகை வந்தது.

முன்னால் ஜோடி ஜோடியாக எருதுகள். பக்கத்தில் ஆர்சன் ஹாஸ்கின், கையில் சாட்டை, தாடியெல்லாம் பனி.

உள்ளே லெனோரா அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தாள். வீடு நடந்தால் வயிறு சும்மா இருக்குமா?

துணிக்கடை ஏமஸ் தோர்லியின் வீடு அது. ஆர்சனுடையதைத் தவிர்த்தால், ஹாஸ்கின் துறை என்ற ஆற்றங்கரை ஊரில் மிஞ்சியிருந்த கடைசி வீடு.

அந்த ஊரே ஆர்சனின் படகிலிருந்து முளைத்ததுதான். மேற்கே தங்கம் தேடிப் போனவர்களின் வண்டிகளை அவன்தான் ஆற்றைக் கடத்திவிட்டான். கரையில் காத்திருந்தவர்களுக்குப் பசித்தது, ஓட்டல் வந்தது. லாடம் கழன்றது, கொல்லன் வந்தான். குடித்துவிட்டு அடித்துக்கொண்டார்கள், நீதிபதி வந்தார். ஒரு பத்திரிகைகூட வந்தது.

ரயில் மட்டும் வரவில்லை.

தெற்கே ஆறு மைல் தள்ளி ஆற்றின் அகலம் கம்மியாம், பாலத்துக்குச் செலவு குறைவாம். அங்கே தண்டவாளம் போட்டு, எல்டன் என்று பெயரும் வைத்தார்கள்.

அதன்பிறகு படகுக்கு வேலையில்லை. முதலில் ஓட்டல்காரர் தன் மரக் கட்டடத்தை அப்படியே பெயர்த்து, பனியில் சறுக்கும் கட்டைகளின் மேல் ஏற்றினார். அப்புறம் வங்கி, பள்ளிக்கூடம், சர்ச். இழுக்கும் வலுவுள்ள எருதுகள் ஆர்சனிடம்தான் இருந்தன. மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தன் ஊரைத் தானே ஒவ்வொரு வீடாக இழுத்துப்போய் இன்னொரு ஊரில் இறக்கினான்.

தன் வீட்டை மட்டும் அசைக்கவில்லை. ஆறு இருக்கிறவரை ஆள் வருவான் என்றான்.

ஓடைச் சரிவில் வீடு சாய்ந்தது. உள்ளே என்னவோ உருண்டது.

“மெல்லப் போயேன் ஆர்சன்! பீன்ஸ் சட்டி கவுந்தா உனக்கும்தான் பட்டினி!” ஜன்னலிலிருந்து லெனோரா கத்தினாள்.

அவன் திரும்பவில்லை. எருதுகளை அதட்டினான்.

தோர்லி குதிரையில், வீட்டுக்குப் பின்னால் நன்றாகத் தள்ளியே வந்தான்.

மதியம் ஜன்னல் வழியே ஒரு தட்டு நீண்டது. ஆர்சன் வாங்கிக்கொண்டு, எருதுகளுக்கு அந்தப் பக்கம் போய் நின்றபடியே சாப்பிட்டான். உப்பு சரியாக இருந்தது, அவனுக்குப் பிடித்த அளவில்.

பொழுது சாயும்போது எல்டன் தெரிந்தது. அவன் இழுத்துவந்த கூரைகளெல்லாம் அங்கே வேறு வரிசையில் நின்றன. ரயில் கூவியதில் எருதுகள் மிரண்டன. வீடு வந்தால் தொப்பியை வீசிக் கூச்சல் போடும் சாராயக்கடை வாசல் கூட்டம் இன்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கட்டைகளை உருவி வீட்டை இறக்கினான். மட்டம் பார்த்துக் கல் அண்டக் கொடுத்தான். வடக்குக் காற்று சமையலறைப் பக்கம் அறையும் என்று அங்கே கூடுதலாக ஒரு கல்லும் வைத்தான்.

எருதுகளைத் திருப்பும்போது லெனோரா படியிறங்கி வந்தாள். கையில் துவைத்து மடித்த சட்டை.

“என் துணியோட உன்னுதும் வந்திருச்சு. காலர் கிழிஞ்சிருந்தது, தச்சுட்டேன்.”

வாங்கிக்கொண்டான்.

“நம்ம வீட்டைத்தான் முதல்ல இழுன்னு ஒரு வருஷமா கெஞ்சினேன், ஆர்சன். நீ காதுலயே போட்டுக்கல.”

உள்ளே தோர்லி விளக்கேற்றினான். அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியேறிப் போனாள்.

சட்டையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு ஆர்சன் வடக்கே நடந்தான். இழுக்க ஒன்றுமில்லாத எருதுகள் அவனை முந்திக்கொண்டு வேகமாகப் போயின.